ரேசிங் சைக்கிளுக்குக் கேரியர் வாங்கும் முன்

புக்கிட் பெலிம்பிங் பக்கத்துத் தோட்டங்களில் கேரியர் இல்லாத சைக்கிளை ஒரு காலத்தில் யாரும் சைக்கிளாகவே மதித்திருக்க மாட்டார்கள். பால் வாளி, அரிசி மூட்டை, மண்ணெண்ணெய் டின், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை என்று எல்லாமே அந்த இரும்புத் தட்டின் மேல்தான் போயின. இன்று அதே வீட்டுப் பிள்ளைகள் எட்டு, ஒன்பது கிலோ எடையுள்ள ரேசிங் சைக்கிள் ஓட்டுகிறார்கள். வண்டி பறக்கிறது. ஒரு சாப்பாட்டு டப்பாவை வைக்கத்தான் இடமில்லை.

அந்த வண்டியில் வேலைக்கோ, கோல சிலாங்கூர் பட்டணத்துக்கோ, ஞாயிற்றுக்கிழமை செக்கிஞ்சான் வயல்வெளிக்கோ போய்வர நினைப்பவருக்காக இதை எழுதுகிறேன். எந்தக் கேரியர் வாங்கலாம், எந்தப் பை பொருந்தும், எதற்குப் பணத்தைக் கொட்டக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். சைக்கிள் கடைச் சொற்கள் எதுவும் உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதுகுப் பை போதாதா என்றுதான் முதலில் கேட்பீர்கள். பக்கத்தில் போவதற்குப் போதும். ஆனால் நம் ஊர் வெயிலில் கால் மணி நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். ரேசிங் சைக்கிளில் குனிந்து உட்கார வேண்டியிருப்பதால் பையின் எடை இடுப்புக்கும் தோளுக்கும் உள்ளங்கைக்கும் இறங்கும். கோல சிலாங்கூரிலிருந்து செக்கிஞ்சானுக்குப் போக மட்டும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். திரும்பியும் வர வேண்டும். அந்தத் தூரத்துக்கு மூன்று கிலோ பைகூட முதுகில் கனக்கும். சுமையை வண்டியே சுமக்கட்டும்.

சரி, கேரியர் பார்க்கக் கடைக்குப் போகலாமா? இன்னும் இல்லை. கொண்டுபோகப் போகும் சாமான்களை எல்லாம் முதலில் மேசையில் பரப்புங்கள். மாற்றுச் சட்டை, காலணி, மழை அங்கி, சாப்பாட்டு டப்பா, தண்ணீர், பூட்டு, காற்றடிக்கும் பம்பு, மாற்று டியூப். அலுவலகம் போகிறவர் என்றால் மடிக்கணினியும் அதன் சார்ஜரும் உண்டு. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் தராசில் நிறுத்துப் பாருங்கள். தராசு இல்லையென்றால் பையோடு ஒருமுறை, பையில்லாமல் ஒருமுறை குளியலறை எடைக்கருவியில் ஏறி நின்று கழித்துக்கொள்ளுங்கள்.

பலருக்கு இங்கேயே ஆச்சரியம் காத்திருக்கும். கனமான இரும்புப் பூட்டு மட்டுமே ஒரு கிலோவைத் தாண்டும். மடிக்கணினி சார்ஜரோடு சேர்ந்து இரண்டு கிலோவை நெருங்கும். "சும்மா நாலு சாமான்" என்று நினைத்தது ஆறு கிலோவில் வந்து நிற்கும். பூட்டையும் காலணியையும் வேலையிடத்திலேயே விட்டுவர முடிந்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும், செலவும் இல்லை. மூன்று கிலோவுக்குள் அடங்கினால் உங்களுக்குக் கேரியரே வேண்டாம். மூன்றுக்கும் எட்டுக்கும் நடுவில் என்றால் யோசிக்க வேண்டியிருக்கும். எட்டுக்கு மேல் போனால் வண்டியே அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

அதை எப்படிப் பார்ப்பது? சைக்கிளின் பின்னால் குந்தி உட்காருங்கள். பின்சக்கரத்தின் அச்சு மாட்டியிருக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சட்டத்தின் இரண்டு பக்கமும் பாருங்கள். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய, உள்ளே மரை போட்ட ஓட்டை இருக்கிறதா? சில வண்டிகளில் அதைச் சிறிய பிளாஸ்டிக் மூடியோ தலை தட்டையான போல்ட்டோ அடைத்திருக்கும். பிறகு கண்ணை மேலே கொண்டுபோங்கள். சீட்டுக்கு அடியிலிருந்து பின் அச்சுக்கு இரண்டு மெல்லிய குழாய்கள் இறங்குகின்றன. அவற்றின் மேல்பகுதியிலும் பக்கத்துக்கு ஓர் ஓட்டை இருக்கலாம். கீழே இரண்டு, மேலே இரண்டு என்று நான்கும் இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். சாதாரண கேரியர் அப்படியே பொருந்தும்.

ஓட்டை இருந்தாலே சுமை ஏற்றலாம் என்று அர்த்தமா? அப்படியும் இல்லை. சில வண்டிகளில் அந்த ஓட்டை மட்கார்டு மாட்ட மட்டுமே கொடுத்திருப்பது. வண்டியோடு வந்த கையேட்டில் கேரியர் மாட்டலாமா, எத்தனை கிலோ வரை என்று எழுதியிருக்கும். கையேடு தொலைந்திருந்தால் தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த மாடலின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பழைய வண்டி வாங்கியவர்கள் இந்த வேலையைத் தவிர்க்கவே கூடாது.

அடுத்து, சட்டம் எந்தப் பொருளால் ஆனது என்பது முக்கியம். காந்தம் ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் அலுமினியமாகவோ கார்பனாகவோ (கரியிழையைப் பசையில் தோய்த்துச் செய்யும் இலேசான பொருள்) இருக்கும், டைட்டானியம் அபூர்வம். விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். அலுமினியம் கணீரென்று சொல்லும், கார்பன் மந்தமாகச் சொல்லும். குழாய்கள் சேரும் இடத்தில் பற்றவைத்த வரி தெரிந்தால் அது பெரும்பாலும் உலோகம்தான்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? கார்பன் குழாய் ஓட்டுபவரின் எடையையும் ரோட்டின் அதிர்ச்சியையும் தாங்கும்படி வடிவமைத்தது. சுற்றி இறுக்கிப் பிடிக்கும் கிளிப்பை அது தாங்காது. இறுக்கும் இடத்தில் வெளியே தெரியாமல் உள்ளே விரிசல் விடலாம், பிறகு ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் முறியலாம். கார்பன் சட்டத்தின் குழாயில் எந்தக் கிளிப்பையும் மாட்டாதீர்கள். கடைக்காரர் "ரப்பர் வைத்து மாட்டலாம்" என்று சொன்னாலும் வேண்டாம்.

ஓட்டையே இல்லையென்றால் என்ன செய்வது? உலோகச் சட்டம் என்றால் வழி இருக்கிறது. குழாயைச் சுற்றி மாட்டும், ரப்பர் உறை போட்ட உலோகப் பட்டை கிடைக்கிறது. பி-கிளிப் என்று கேளுங்கள். நாலைந்து கிலோவுக்கு அது போதும், அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம். மேல்பக்க ஓட்டைக்கு அழகான மாற்று ஒன்று உண்டு. சீட்டுக் கம்பியை இறுக்கும் வளையத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் மரை ஓட்டை உள்ள வளையம் வாங்கிப் போடலாம். வாங்கும்போது பழைய வளையத்தைக் கையோடு கொண்டுபோங்கள். அளவு ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் பொருந்தாது.

கீழ்ப்பக்க ஓட்டைக்குப் பதிலாகப் பின் அச்சிலேயே கேரியரின் காலை ஊன்றும் துணைப்பொருள்கள் வருகின்றன. ஜெர்மனியின் டுபுஸ் நிறுவனம், ஓட்டையில்லாத வண்டிகளுக்காகவே இப்படிப்பட்ட துணைப்பொருள்களை விற்கிறது. இங்கிலாந்தின் டெயில்ஃபின் கேரியர் வேறு தினுசு. பின் அச்சையே மாற்றிப் போட்டு, எடை முழுவதையும் அதன் மேல் இறக்கிவிட்டு, சீட்டுக் கம்பியை ஆடாமல் இருக்க மட்டும் பிடித்துக்கொள்ளும். ஓட்டையில்லாத கார்பன் வண்டிக்கு நான் நம்பிச் சொல்லக்கூடிய கேரியர் இந்த வகைதான். விலை மட்டும் கேட்டதும் தலை சுற்றும்.

கடையில் சீட்டுக் கம்பியில் மட்டும் பிடித்து, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கேரியர் மலிவாகத் தொங்குகிறதே, அது ஆகாதா? ஐந்து நிமிடத்தில் மாட்டிவிடலாம், எந்த ஓட்டையும் வேண்டாம் என்பதால் பலரும் அதைத்தான் வாங்குகிறார்கள். அதன் மேல் ஏழிலிருந்து பத்து கிலோ வரை என்று எழுதியிருக்கும். நாலு கிலோவுக்கு மேல் வைத்தால் குழியில் இறங்கும்போதெல்லாம் அது பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். ஒரே ஒரு பிடியில் நிற்பதால் அதன் குணம் அப்படி. சீட்டுக் கம்பி கார்பன் என்றால் இதைத் தொடவே வேண்டாம். அலுமினியக் கம்பி என்றால் இலேசான பைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது கேரியரின் மேல் அச்சிட்டிருக்கும் எடைக்கு வருவோம். சாதாரண அலுமினியக் கேரியரில் "25 கிலோ" என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சைக்கிள் கேரியர்களுக்கென்று ஐஎஸ்ஓ 11243 என்ற உலகத் தர விதி உண்டு. கேரியரை எத்தனை கிலோவுக்குச் சோதித்தார்கள் என்பதை அது வகைப்படுத்துகிறது. எண்ணே பொறிக்காத கேரியரை வாங்காதீர்கள். ஆனால் அந்த 25 கிலோ கேரியருக்குத்தான், உங்கள் வண்டிக்கு அல்ல.

தாத்தா சைக்கிள் மூட்டை மூட்டையாகச் சுமந்ததே, இது சுமக்காதா? 1941 டிசம்பரில் மலாயாவுக்குள் நுழைந்த ஜப்பானியப் படை, 70 நாளில் சிங்கப்பூரைப் பிடித்தபோது ஆயிரக்கணக்கான வீரர்கள் துப்பாக்கியும் மூட்டையுமாக அப்படிப்பட்ட சைக்கிளில்தான் வந்தார்கள். டயர் வெடித்தபோது வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். அந்த வண்டிகள் கனத்த இரும்பு. பழைய ராலி வண்டியின் முன்சக்கரத்தில் 32 ஸ்போக் கம்பி, பின்சக்கரத்தில் 40. உங்கள் ரேசிங் சைக்கிளின் பின்சக்கரத்தை எண்ணிப் பாருங்கள். 24 இருக்கும், சிலவற்றில் 20தான் இருக்கும். எடை கூடினால் முதலில் தெறிப்பது பின்சக்கரத்தில் செயின் பக்கத்துக் கம்பிதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஓட்டுபவர், வண்டி, சுமை மூன்றும் சேர்ந்து இத்தனை கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்று கையேட்டில் ஓர் உச்ச வரம்பு இருக்கும். பல ரேசிங் வண்டிகளுக்கு அது 120 கிலோவை ஒட்டியும், சிலவற்றுக்கு அதைவிடக் குறைவாகவும் இருக்கும். நீங்கள் 95 கிலோ, வண்டி 9 கிலோ, பையும் கேரியரும் 8 கிலோ என்றால் 112 ஆகிவிட்டது. கூச்சப்படாமல் உங்கள் சொந்த எடையையும் சேர்த்துக் கூட்டுங்கள். பலர் விட்டுவிடுவது அதைத்தான்.

எல்லாம் சரியாக இருக்கிறது, பக்கவாட்டில் தொங்கும் பை வாங்கலாமா? இங்கேதான் ரேசிங் சைக்கிள் ஒரு சேட்டை செய்யும். பெடல் மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்கும். நீண்ட பயணத்துக்கென்றே செய்த சைக்கிளில் பெடல் அச்சிலிருந்து பின் அச்சு வரை 440 முதல் 460 மில்லிமீட்டர் தூரம் இருக்கும். ரேசிங் சைக்கிளில் அது 405 முதல் 415 வரைதான். அந்த மூன்று நான்கு சென்டிமீட்டர் குறைவு காலில் தெரிந்துவிடும். உங்கள் காலணி அளவு 10 அல்லது 11 என்றால் இன்னும் மோசம்.

வாங்குவதற்கு முன்பே இதைச் சோதித்துவிடலாம். வழக்கமாகப் போடும் காலணியைப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறி உட்காருங்கள், ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். பெடலைப் பின்பக்கமாகக் கிடைமட்டத்துக்குக் கொண்டுவந்து, குதிகால் எங்கே வருகிறது என்று பாருங்கள். அந்த இடத்திலிருந்து கேரியரின் பின்முனை வரை எவ்வளவு தூரம் என்று நாடாவால் அளக்கச் சொல்லுங்கள். பையின் அகலம் அதைவிட இரண்டு விரற்கடையாவது குறைவாக இருக்க வேண்டும். முன்பக்கக் கீழ்மூலை சரிவாக வெட்டியதுபோல் தைத்த பை என்றால் குதிகாலுக்கு இடம் கிடைக்கும். முன்சக்கரத்துக்கென்று விற்கும் சிறிய பையைப் பின்னால் மாட்டுவதும் நல்ல தந்திரம். ரேசிங் சைக்கிளுக்கு அந்த அளவே போதும் என்பது என் எண்ணம்.

பைகளில் எத்தனை வகை? முதலாவது, சீட்டுக்கும் சீட்டுக் கம்பிக்கும் வாரால் கட்டிப் பின்னால் நீட்டும் சீட்டுப் பை. கேரியர் வேண்டாம், கார்பன் வண்டிக்கும் பொருந்தும், மழை அங்கி, சட்டை, டியூப் எல்லாம் அடங்கும். டப்பா போல் கெட்டியான, கனமான சாமான் வைத்தால் வால்போல் ஆடும். உள்ளே இருப்பதை எடுக்க எல்லாவற்றையும் வெளியே கொட்ட வேண்டியும் வரும். கனமானதைச் சீட்டுக் கம்பியை ஒட்டி உள்ளே தள்ளி, துணியைப் பின்முனையில் அடைத்தால் ஆட்டம் குறையும். வாரின் ஓரம் சீட்டுக் கம்பியை உரசித் தேய்க்கும் என்பதால், அங்கே ஒட்டும் பிளாஸ்டிக் பட்டை ஒரு சுற்று ஒட்டிவிடுங்கள்.

இரண்டாவது, கேரியரின் மேல் உட்காரும் பெட்டிப் பை. குதிகால் இடிக்காது, சாப்பாட்டு டப்பா நிமிர்ந்து நிற்கும், குழம்பு கொட்டாது. காலைத் தூக்கிப் போட்டு ஏறும்போது பை தடுக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். உயரம் குறைந்தவர்கள் வண்டியைச் சாய்த்து ஏறப் பழக வேண்டும். மூன்றாவது, மேலே சொன்ன பக்கப் பை. எடை கீழே இருப்பதால் நாலு கிலோவுக்கு மேல் போகும்போது வண்டி இதில்தான் நிதானமாக ஓடும். சீட்டின் பின்னால் குறுக்காகத் தொங்கும் கான்வாஸ் பை என்று பழைய ஆங்கிலேயப் பாணி ஒன்றும் உண்டு. காரடைஸ் என்ற கம்பெனி 1932 முதல் அதைத் தைத்துக்கொண்டிருக்கிறது. அழகானது, நம் ஊர் ஈரத்தில் அந்தத் துணி காய நாளாகும்.

நம் ஊர் என்றதும் மழை வந்துவிடுகிறது. ஏப்ரல், அக்டோபர் மாதங்களை ஒட்டிய பிற்பகல் மழையில் சிலாங்கூர் கரையோரம் எப்படி நனையும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஜிப் வைத்த பை, மேலுறை இருந்தாலும், அரை மணி நேர அடைமழையில் உள்ளே கசியும். அதோடு பின்சக்கரம் கீழிருந்தும் தண்ணீரை வாரி அடிக்கும். மேலுறை அதைத் தடுக்காது. வாயைச் சுருட்டி மடித்துக் கொக்கி போடும் தார்ப்பாய்த் துணிப் பைதான் நனையாது. ஜெர்மனியின் ஓர்ட்லீப் நிறுவனம் தொடங்கியதே இப்படித்தான். மழையில் சைக்கிளில் போன ஒருவர், லோரிகளை மூடியிருந்த தார்ப்பாயைப் பார்த்து அதே துணியில் பை தைத்தார். 1982இல் அது கம்பெனி ஆனது.

அந்தப் பைக்குப் பல நூறு வெள்ளி கொடுக்க வேண்டுமா? கொடுக்க மனமிருந்தால் கொடுக்கலாம், பத்தாண்டு உழைக்கும். இல்லையென்றால், உங்களிடம் இருக்கும் சாதாரணப் பைக்குள் தடித்த குப்பைப் பை ஒன்றை உறையாகப் போட்டு, வாயை இரண்டு முறை முறுக்கிக் கட்டுங்கள். மடிக்கணினிக்கு மட்டும் இன்னொரு உறை. பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் நனையாது. பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு: கொக்கி.

கொக்கிக்கு என்ன அவ்வளவு முக்கியம்? பக்கப் பை கேரியரின் மேல்கம்பியில் இரண்டு கொக்கியால் தொங்குகிறது. மலிவான பையில் அது வெறும் வளைந்த கொக்கி. தோட்டத்துச் செம்மண் பாதையில் ஒரு குழியில் இறங்கி ஏறினால் பை எகிறிக் கழன்று ரோட்டில் கிடக்கும், சில நேரம் சக்கரக் கம்பிக்குள்ளேயே போய்ச் சிக்கும். கொக்கி தானே பூட்டிக்கொள்ளும் வகையா, கீழ்ப்பக்கம் கேரியரின் காலைப் பிடிக்கும் இன்னொரு கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள். கேரியர்களின் கம்பி ஒரே தடிமனாக இருப்பதில்லை. 8, 10, 12, 16 மில்லிமீட்டர் என்று மாறும். நல்ல பைகளில் கொக்கிக்குள் செருகும் சிறு பிளாஸ்டிக் துண்டுகள் கொடுப்பார்கள், அவற்றைச் செருகினால் கடகடவென்ற சத்தம் நிற்கும்.

ஒரே ஒரு பக்கப் பை போதுமா, வண்டி சாயாதா? ஐந்தாறு கிலோ வரை ஒரு பையே போதும், இரண்டு நாளில் உடம்பு பழகிவிடும். அதை இடப்பக்கம் மாட்டுங்கள். நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம், லோரிகள் வலப்பக்கமாகத்தான் முந்துகின்றன; பை அந்தப் பக்கம் துருத்திக்கொண்டு நிற்க வேண்டாம். செயினும் கியரும் வலப்பக்கம் இருப்பதால் பையில் எண்ணெயும் படாது.

லோரி என்றேன். இந்தக் கோல சிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரத்தில் 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவானது. அன்றிலிருந்து பழக் குலை சாலையில் ஓய்ந்ததில்லை. குலை ஏற்றிய லோரி போன பாதையில் உதிர்ந்த பழமும் முள்ளும் மண்ணும் கிடக்கும். சுமை ஏற்றிய பின்சக்கரம் இவற்றின் மேல் சுலபமாக வழுக்கும், டியூப்பும் சீக்கிரம் நசுங்கிப் பஞ்சராகும். உங்கள் சட்டத்தில் இடமிருந்தால் 25 மில்லிமீட்டர் டயரை 28 ஆக மாற்றுங்கள். காற்றையும் பின்னால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட்டுங்கள், டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உச்சத்தைத் தாண்டாமல். ஐந்தாம் எண் கூட்டரசு சாலையில், ஜெராம் பக்கமானாலும் தஞ்சோங் காராங் பக்கமானாலும், பின்விளக்கு கண்ணில் பட வேண்டும். சீட்டுக் கம்பியில் மாட்டிய விளக்கைப் பை மறைத்துவிடும். கேரியரின் பின்முனையில் விளக்கு மாட்டும் தகடு இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

ஓட்டும்போது என்ன மாறும்? பின்னால் கனம் ஏறியதும் முன்சக்கரம் இலேசாகத் தெரியும். எழுந்து நின்று மிதித்தால் வண்டி இரண்டு பக்கமும் அலையும். பாலம் ஏறும்போது உட்கார்ந்தபடியே கியரைக் குறைத்து மிதியுங்கள். வழக்கமாகப் பிடிக்கும் இடத்துக்கு முன்பே பிரேக் பிடியுங்கள். கையை விட்டு ஓட்டும் வீரம் கேரியர் இல்லாத நாளுக்கு இருக்கட்டும்.

மாட்டும் வேலையை நீங்களே செய்யலாமா? தாராளமாக. ஆலன் கீ (ஆறு முனை உள்ள சாவி) ஒரு செட் போதும். போல்ட்டுகள் பெரும்பாலும் 5 மில்லிமீட்டர், எம்5 என்று கேட்டு வாங்குங்கள். துருப்பிடிக்காத எஃகு போல்ட்டாக இருக்கட்டும். கடற்காற்று அடிக்கும் ஊரில், அலுமினிய ஓட்டைக்குள் எஃகு போல்ட் இறுகி ஒட்டிக்கொள்ளும். மரையில் சிறிது கிரீஸ் தடவினால் ஒட்டாது. முதலில் நான்கு போல்ட்டையும் கையால் தளர்வாகப் போட்டு, கேரியரின் தட்டு தரைக்கு இணையாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு இறுக்குங்கள். முழு பலத்தையும் போட்டு முறுக்கினால் மரை உரிந்துவிடும்.

செயின் பக்கத்துக் கீழ் போல்ட்டை மட்டும் தனியாகக் கவனியுங்கள். போல்ட் நீளமாக இருந்தால் அதன் நுனி சட்டத்தைத் தாண்டி உள்ளே நீட்டும். செயினை ஆகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிட்டு, பெடலைக் கையால் சுற்றிக் குனிந்து பாருங்கள். போல்ட் நுனிக்கும் செயினுக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். உரசினால் இரண்டு மில்லிமீட்டர் குட்டையான போல்ட் வாங்கிப் போடுங்கள். கடையில் மாட்டிக் கொடுத்தாலும் இதைப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். முழு வேகத்தில் செயின் அங்கே சிக்கினால் கியர் பிய்ந்து வரும்.

பையே வேண்டாம், டியூப்பை வெட்டிய ரப்பரால் கேரியரில் கட்டிவிடலாமே என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும்; பசார் மாலாமில் வாங்கிய பொட்டலத்துக்கு அது இன்றும் நல்ல கயிறுதான். தொங்கும் நுனியை மட்டும் உள்ளே செருகிவிடுங்கள். கம்பி குறைந்த சக்கரத்தில் அது சுற்றிக்கொண்டால் வண்டி நின்ற இடத்திலேயே கவிழும்.

மொத்தத்தில் எதை வாங்குவது? கார்பன் வண்டி, ஓட்டை இல்லை, சாமான் மூன்று கிலோ என்றால் சீட்டுப் பை. வேறு எதையும் யோசிக்க வேண்டாம். அலுமினியமோ இரும்போ, நான்கு ஓட்டையும் உண்டு, தினமும் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் 25 கிலோ பொறித்த சாதாரண அலுமினியக் கேரியர் போதும். அது நூறு வெள்ளிக்குள்ளேயே கிடைக்கும். மிச்சப் பணத்தை நல்ல கொக்கியுள்ள, வாய் சுருட்டும் சிறிய பக்கப் பை ஒன்றில் போடுங்கள். காலணியும் மடிக்கணினியும் மளிகையும் சேர்த்து பத்து கிலோவைத் தாண்டுகிறது என்றால் ரேசிங் சைக்கிளைத் தொந்தரவு செய்யாதீர்கள். வீட்டுப் பின்புறத்தில் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய சைக்கிளுக்கு டயர் மாற்றினால் அது இந்த வேலையைச் சிரித்துக்கொண்டே செய்யும்.

இணையத்தில் படம் பார்த்து வாங்குவதைவிட, வண்டியையும் சாமான் நிரம்பிய பையையும் தூக்கிக்கொண்டு சைக்கிள் கடைக்கே போங்கள். கேரியரை அங்கேயே மாட்டச் சொல்லி, பையைத் தொங்கவிட்டு, கடைத்தெருவை ஒரு சுற்று சுற்றிவாருங்கள். குதிகால் இடிக்கவில்லை, செயின் உரசவில்லை, பை ஆடவில்லை என்றால் தவ்கேயிடம் பணத்தைக் கொடுங்கள். முதல் நீண்ட ஓட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் நான்கு போல்ட்டையும் ஒருமுறை மறுபடி இறுக்கிவிடுங்கள். புதிய கேரியரில் அவை கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கும்.